கறை தெரியாத நிறம்

மாப்பிள்ளையின் வண்டி சந்துக்குள் வருகிறது என்றால் முதலில் சத்தம் வரும், அப்புறம் புகை வரும், கடைசியில்தான் வண்டி வரும். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையை உரசிக்கொண்டு போகிற உயரம். அதிலிருந்து ஒரு மனிதன் இறங்குவதைப் பார்த்தால் கிணற்றிலிருந்து ஏறி வருகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். நிறம் வேறு பளீர் மஞ்சள். பக்கத்து டயர் கடைக்காரர் அதை 'எலுமிச்சம்பழம்' என்பார், மாப்பிள்ளை காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கார்களின் உள்பக்கத்துக்கு லெதர் வெட்டித் தைப்பது அவள் வேலை. தைத்ததை இருக்கையில் ஏற்றி, கதவில் ஒட்டி, டேஷ்போர்டில் இழுத்துப் பொருத்துவது அவள் புருஷன் வேலை. கையிலும் சட்டையிலும் எந்நேரமும் ஒட்டுப்பசை இருப்பதால் அவருக்குப் பெயரே பசை என்றாகிவிட்டது. கோபம் என்ன விலை என்று கேட்கிற மனிதர். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே கோபப்பட்டுக்கொள்வாள்.

மாப்பிள்ளை என்றால் வேறு யாருமில்லை, அவள் தங்கையின் புருஷன். தங்கையும் கல்யாணத்துக்கு முன்னால் இதே கடையில்தான் வேலை பார்த்தாள். இருக்கையின் ஸ்பாஞ்சுக்குள் ஒரு கம்பி புதைந்திருக்கும். லெதரை இழுத்து, அந்தக் கம்பியோடு சேர்த்து, சின்ன இரும்பு வளையம் போட்டு நெரித்தால்தான் வளைவு நிற்கும். அந்த வளையம் போடுகிற பிளையரைத் தங்கை பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வளையங்களை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி, பிளையர் வாயில் வாங்கி, சடக், சடக் என்று போட்டுக்கொண்டே போவாள். நடுவில் பேசுவாள், சிரிப்பாள், ஒரு வளையம் கீழே விழாது. சிரித்தால் ஓரத்தில் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்க்கும். அந்தப் பல்லைப் பார்த்துத்தான் விழுந்தேன் என்று கல்யாணத்தன்று அந்தப் பாவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"அண்ணி, உள்ளே பூரா மாத்தணும்" என்றான் மாப்பிள்ளை, இறங்கும்போதே. "சீட்டு, கதவு, ஸ்டியரிங், டேஷ்போர்டு, ஒண்ணு விடாம. கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது சும்மா அட்டை."

"புது வண்டிதானே மாப்பிள்ளை. இதுக்குள்ள என்ன?"

"எல்லாம் உங்க தங்கச்சிதான். வளையலால கதவுல ஒரு கீறு கீறிட்டா. பாக்கிறப்பெல்லாம் வயிறு எரியுது. மாத்துறதுன்னு ஆயிடுச்சு, முழுசா மாத்திடுவோம்."

வண்டிக்குள் எல்லாம் பால் நிற லெதர். அக்கா சுவரில் தொங்கிய மாதிரித் துண்டுகளைக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். "கறை தெரியாத கலரா குடுங்க."

வியாபாரம் என்று வந்துவிட்டால் அவளுக்கு வாய் தானாகப் பேசும். "அப்படின்னா இந்தக் கருஞ்சிவப்பைப் பாருங்க. எது சிந்தினாலும் தெரியாது. ஒரு துணியை நனைச்சுத் தொடச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம்."

"இதான் வேணும்" என்று அவன் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தான். "அப்புறம், பழைய கவரைக் கழட்ட வேணாம். அது மேலேயே போட்டு இழுத்துடுங்க. எனக்குச் சீக்கிரம் வேணும்."

வேறொரு வண்டியின் டேஷ்போர்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்த பசை தலையை நிமிர்த்தினார். அழுக்குச் சட்டைக்கு மேலே புதுச்சட்டை போடுகிற வேலையை அந்தக் கடை என்றைக்கும் செய்ததில்லை. பழைய லெதரைக் கழற்றி, ஸ்பாஞ்சைப் பார்த்து, நைந்திருந்தால் ஒட்டுப்போட்டுத்தான் புதியதை ஏற்றுவார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் தொழில் தர்க்கம் பேசி எவன் ஜெயித்தான்? சரி என்று தலையாட்ட வேண்டியது, நம் வழியில் செய்து கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். அக்காவும் "சரிங்க மாப்பிள்ளை" என்று தலையாட்டினாள்.

"தங்கச்சி போனே எடுக்க மாட்டேங்கிறாளே?"

"காய்ச்சல் அண்ணி. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"காய்ச்சலுக்குப் பேசக் கூடாதா?"

"தொண்டை" என்றான். சாவியை மேஜையில் போட்டுவிட்டு, வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டான்.

அவன் கை நீளும் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரியாமல் என்ன? தங்கை கன்னத்தில் நீலம், கழுத்தில் விரல் தடம், ஒரு தடவை காதில் கட்டு. கேட்டால் படியில் விழுந்தேன் என்பாள். அவள் விழுந்த கணக்குக்கு அந்த வீட்டில் ஏழு மாடி இருந்திருக்க வேண்டும். வாசலில் மொத்தமே மூன்று படி. ஒரு தடவை பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸிடமும் அதே படிதான். இன்னொரு தடவை அக்காவுக்குப் பொறுக்காமல், லெதர் அளக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்து அவன் நெற்றியைப் பிளந்துவிட்டாள். என்ன நடந்தது? தங்கை தன் துப்பட்டாவைக் கிழித்து அவனுக்குக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்க்கா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடிக்கிற கைதான் அணைக்குமாம். இதைச் சொன்னவன் ஒரு நாளாவது அடி வாங்கியிருப்பானா? அக்காவுக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் காலையில், பக்கத்து இருக்கையை வண்டியிலிருந்து கழற்றிப் பெஞ்சில் கவிழ்த்து, பழைய வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். லெதரில் ஒரு தூசி இல்லை. அத்தர் வாசனை வேறு. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவன் எதற்கு மாற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் முதுகுப் பக்கத்துக் கவரைத் தலைக்கு மேல் உருவினாள்.

ஸ்பாஞ்சு பழுப்பாக இருந்தது. தலை சாய்கிற இடத்திலிருந்து தோள் வரைக்கும், தையல் ஓடிய கோடு நெடுக, காய்ந்து விறைத்துப்போயிருந்தது. விரலால் அழுத்தினாள், மொறுமொறு என்று உடைந்தது. லெதரைத் துடைக்கலாம். தையல் ஓட்டை வழியாக உள்ளே போனதை யார் துடைப்பது? அவன் மேலே துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறான்.

அவள் கை தன் பழக்கத்தில் அடுத்த வேலைக்குப் போனது. உட்காரும் பாகமும் முதுகும் சேருகிற இடுக்கில் எப்போதும் ஏதாவது கிடக்கும். சில்லறை, கொண்டை ஊசி, பேனா மூடி, ஒருதரம் ஒருவரின் கல்யாண மோதிரமே கிடந்தது. கிடைப்பதை எல்லாம் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்து உடையவரிடம் திருப்பிக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். அன்றைக்கும் இடுக்கில் கையை விட்டாள். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

பல். வேரோடு வந்த பல். கொஞ்சம் கோணலாக, ஓரம் கூர்மையாக. உலகத்தில் எத்தனை கோடிப் பல் இருந்தாலும் அந்தத் தெத்துப்பல்லை அவளுக்குத் தெரியும். அது முளைத்த வருஷம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவள் இவள்தானே.

பசை வந்து பார்க்கும்போது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லெதர் வெட்டுகிற கத்தி இருந்தது.

"வேனை எடுங்க" என்றாள். "போய் அவன் குரல்வளையை அறுத்துட்டு வந்துடறேன்."

அவர் பல்லைப் பார்த்தார், ஸ்பாஞ்சைப் பார்த்தார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்காளாங்க?"

"இருப்பா. இல்லேன்னா அவன் வண்டியை நம்மகிட்ட கொண்டாந்திருக்க மாட்டான். எங்கேயாவது கொளுத்தியிருப்பான்." மெதுவாகக் கத்தியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "நான் சொல்றதைக் கேளு. அவன் வீட்ல இருக்கிறப்போ போனா கதவையே திறக்க மாட்டான். நீ அவனை இங்க வரவழை. சீட்டுல உக்காந்து அளவு பாக்கணும்னு சொல்லு. அவன் இங்க உக்காந்திருக்கிறப்போ நான் பூட்டை உடைச்சு அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவ வாயால போலீஸ்ல சொல்லணும். நீயும் நானும் சொல்லி ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ அவனைத் தொடக் கூடாது. போன தடவை என்ன ஆச்சு? நீ ஒரு அடி போட்டே, அவ அவன் பக்கம் போயிட்டா. அவன் மேல ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்தா அவ மனசு எளகிடும். திரும்ப அந்த வீட்டுக்கே போவா. அடுத்த தடவை நமக்குப் பல்லு கூடக் கிடைக்காது."

அதுதான் உண்மை. அக்காவுக்கும் அது தெரிந்தது. பல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, "தொட மாட்டேன்" என்றாள்.

பிறகு போனை எடுத்துச் சிரித்த குரலில் பேசினாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஓட்டுறவர் சீட்டு உங்க உடம்புக்குச் செதுக்கணும் மாப்பிள்ளை. நீங்க வந்து உக்காந்தாத்தான் ஆகும்."

தன் உடம்புக்குச் செதுக்கணும் என்றதும் அவனுக்கு வாயெல்லாம் பல். உடனே வருகிறேன் என்றான். பசை வேனில் கடப்பாரையைப் போட்டுக்கொண்டு சந்தின் மறுமுனை வழியாகப் போனார். அக்கா பழுப்பு ஸ்பாஞ்சின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். பல்லைத் தகர டப்பாவில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள்.

ஓட்டுநர் இருக்கை இரும்பு ஸ்டாண்டில் நின்றது. கருஞ்சிவப்புக் கவர் அடிப்பாகத்தில் மட்டும் ஏறியிருந்தது. விலாவை அணைக்கிற இரண்டு பக்கத்து மேடுகளிலும் ஸ்பாஞ்சும் கம்பியும் வெளியே தெரிந்தன. இந்த மாதிரி வண்டியில் இருக்கை ஆளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதனால் ஆளை உட்காரவைத்து, பெல்ட்டை இறுக்கி, விலா பக்கத்து ஸ்பாஞ்சைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார்கள். பந்தயக்காரர்கள் போடுகிற நாலு வார் பெல்ட்டை மாப்பிள்ளையே வாங்கிக் கொடுத்திருந்தான். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, நாலும் வயிற்றில் ஒரு கொக்கியில் சேரும். வார்களின் நுனியை அக்கா ஸ்டாண்டின் சட்டத்தில் மாட்டி வைத்தாள்.

"சகலை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"பசை வாங்கப் போயிருக்கார்."

"பசைக்கே பசை தீந்து போச்சா" என்று அவனே சொல்லி அவனே சிரித்தான். அவள் கொக்கியை மாட்டி, மூச்சை விடச் சொல்லி, நாலு வாரையும் இழுத்து இறுக்கினாள்.

கத்தியை எடுத்தாள். அவன் விலாவுக்கும் மேட்டுக்கும் நடுவில் நுனியை விட்டு ஸ்பாஞ்சைச் சீவினாள். கத்திக்கும் அவன் உடம்புக்கும் இடையில் ஒரு சட்டைத் துணிதான் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் போதும், சரக்கென்று உள்ளே போகும். தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறோம், தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறோம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே சீவினாள். ஸ்பாஞ்சுத் துணுக்குகள் அவன் செருப்பின் மேல் விழுந்தன.

"ஆபீஸ்ல புதுசா ஒருத்தன் சேர்ந்திருக்கான் அண்ணி" என்றான் அவன், சுகமாகச் சாய்ந்துகொண்டு. "சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நேத்து எல்லார் முன்னாடியும் ஒண்ணு விட்டேன். இன்னிக்குப் பூனையாட்டம் இருக்கான். அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

"கையைத் தூக்கிக்கோங்க மாப்பிள்ளை."

"உங்க தங்கச்சியும் அப்படித்தான். வளையலைக் கழட்டி வெச்சுட்டு வண்டியில ஏறுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? சொன்னா கேக்கணும்ல?"

"கேக்கலேன்னா?"

"கேக்க வெப்பேன்" என்று சிரித்தான். "டேஷ்போர்டு இருக்குல்ல. ஒரு தடவை மூஞ்சி அதுல பட்டா அப்புறம் எல்லாம் கேக்கும்."

கத்தி நின்றது. கறை தெரியாத கலராக் குடுங்க என்று அவன் கேட்டது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. நடந்ததை மறைப்பதற்கு மட்டும் அவன் நிறம் தேடவில்லை. இனி நடக்கப் போவதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறான். எடுத்துக் கொடுத்தது யார்? அவளேதான். எது சிந்தினாலும் தெரியாது என்று வாய் நிறையச் சொன்னதும் அவளேதான்.

அவள் கத்தியைத் தூரமாக வைத்தாள். கையில் இருந்தால் சொன்ன சொல் நிற்காது. கவரின் ஓரத்தை இழுத்துக் கம்பியில் வளையம் போடலாம் என்று பிளையரை எடுத்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். லெதர்க் கடையில் விசிறியைக் கூட்டினால் போர்வை பறக்காமல் என்ன செய்யும்? மூலையில் மூடி வைத்திருந்த போர்வை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சரிந்தது.

பழுப்பு ஸ்பாஞ்சு அவனுக்கு நேர் எதிரே நின்றது.

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. "பழைய கவரைக் கழட்ட வேணாம்னு சொன்னேன்ல."

அவள் பிளையரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் எங்கேடி போயிருக்கான்?"

அண்ணி போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. அவள் வாய் திறப்பதற்குள் அவன் வலது கை முஷ்டி அவள் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. பின்னால் சாய்ந்தவளின் தலைமுடியைப் பற்றி ஸ்டாண்டின் இரும்புச் சட்டத்தில் மோதினான், ஒரு தடவை, இன்னொரு தடவை. இவ்வளவு பழகிய கையா, என்று அந்த வலியிலும் அவளுக்குத் தோன்றியது. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே மோத வேண்டும் என்று அந்தக் கைக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாக இதைத்தான் தங்கை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் அவளை விட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான். வலது கை வயிற்றுக் கொக்கியைத் தேடியது. குழிவான இருக்கையிலிருந்து எம்புவதற்கு இடது கையால் பக்கத்து மேட்டைப் பிடித்தான். நாலு விரல் ஸ்பாஞ்சின் அந்தப் பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம், நடுவில் கம்பி. வீட்டுக்குப் போய்விடுவான். பசை அங்கே தனியாக இருக்கிறார், தங்கை அங்கே இருக்கிறாள். சொன்ன சொல்லாவது, மண்ணாவது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற சதையையும் கம்பியையும் சேர்த்துப் பிளையர் வாயில் கவ்வி, அக்கா இரண்டு கையாலும் நெரித்தாள்.

சடக்.

அவன் கத்தியது டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அங்கே காற்றடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் வரவில்லை. கையை இழுத்தான், சதை கிழிந்தது, வளையம் விடவில்லை. வலது கை கொக்கியை விட்டுவிட்டு இடது கைக்கு ஓடி வந்தது. அக்கா ரப்பர் சுத்தியலை எடுத்து அந்த வலது கை விரல்களின் மேல் போட்டாள். ரப்பர்தானே என்று நினைக்க வேண்டாம், உள்ளே ஈயம். மூன்று விரல் ஒரே அடியில் மடங்கிப்போயின. அவள் நிறுத்தவில்லை. முழங்காலில் ஒன்று, தோளில் ஒன்று. "இது டேஷ்போர்டுக்கு" என்றாள், "இது படிக்கு. மூணு படிக்கு." அவள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவன் மடியிலும் இருக்கையிலும் சொட்டியது. கருஞ்சிவப்பு லெதரில் ஒன்றுமே தெரியவில்லை, அவள் சொன்ன மாதிரியே.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டபோதுதான் சுத்தியல் நின்றது.

பசை முன்னால் வந்தார், பின்னால் தங்கை. தானாகத்தான் நடந்து வந்தாள். உயிரோடு இருந்தாள். தங்கையின் ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. இடது கையைத் துப்பட்டாவால் நெஞ்சோடு கட்டியிருந்தாள். சாமான் வைக்கிற அறையில் போட்டுப் பூட்டியிருந்தான் என்று பசை அப்புறம் சொன்னார்.

"செல்லம்" என்று அவன் அழுதான். நிஜமான அழுகை, மூக்கு ஒழுகுகிற அழுகை. "உங்கக்கா என்னைக் கொல்லப் பாக்கிறா செல்லம். என் கையைப் பாரு."

பசை அக்காவைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். அக்காவின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. கெடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தங்கை நேராக அவனிடம் போனாள். அவன் காலடியில் மண்டி போட்டு, வளையம் ஏறிய கையைக் குனிந்து பார்த்தாள்.

"வலிக்குதா?" பல் இல்லாத இடத்தில் காற்றுப் போய்ச் சொல் குழறியது.

"உசுரு போகுது செல்லம்."

"அக்கா, கட்டிங் பிளையர் குடு."

"வேணாம்டி. நான் சொல்றதை ஒரு தடவை கேளு."

"குடுக்கா."

வேறு என்ன செய்வது? கொடுத்தாள். தங்கை ஒற்றைக் கையால் பிளையர் நுனியைச் சதையில் படாமல் நுழைத்து வளையத்தை வெட்டினாள். மெதுவாகத் திருகி வெளியே எடுத்தாள். துப்பட்டா நுனியால் அவன் கையை ஒற்றினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு வருஷமாகப் பார்த்த காட்சிதான், இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை.

விடுபட்ட கை ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு தங்கையின் உச்சி முடியைக் கொத்தாகப் பற்றியது.

"யாரைக் கேட்டுடி வீட்டை விட்டு வெளியே வந்தே?"

அவள் முகத்தைத் தன் முழங்காலில் இடித்தான். வீங்கிய உதடு பிளந்து ரத்தம் தெறித்தது. இரண்டாவது தடவை இடிப்பதற்குள் அக்கா சுத்தியலை எடுத்து அவன் முழங்கையில் அடித்தாள். விரல்கள் திறந்தன. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள், பசை அன்றைக்குத்தான் மிரண்டார். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து மேட்டின் மேல் வைத்து, முட்டிக்காலைப் போட்டு அழுத்தினார்.

தங்கை எழுந்து நின்றாள். அவன் விரல்களில் சிக்கியிருந்த தன் முடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விட்டுடாதீங்க மாமா" என்றாள்.

தட்டிலிருந்து இரண்டு வளையங்களை எடுத்தாள். ஒற்றைக் கைதான் இருந்தது, அதனால் பழைய நாள் மாதிரியே வாயில் வைத்துக்கொண்டாள். கிழிந்த உதட்டில் இரும்பு பட்டதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் விடவில்லை. தெத்துப்பல் இருந்த இடைவெளியில் நாக்கால் ஒரு வளையத்தைத் தள்ளினாள், வளையம் போடுகிற பிளையர் வாயில் வாங்கினாள்.

"செல்லம், நான் பாவம்ல. இனிமே தொடவே மாட்டேன். செல்லம்."

சடக். சடக்.

இரண்டு வளையமும் கம்பியோடு சேர்ந்து உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அவன் கத்தி முடிக்கிற வரைக்கும் அவள் காத்திருந்தாள், பிறகு பிளையரைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"அக்கா, என் பல்லு?"

அக்கா தகர டப்பாவைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தாள். தங்கை பிரித்துப் பார்த்து, மறுபடி சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டாள். பசையின் சட்டைப் பையிலிருந்து போனை அவளே எடுத்தாள்.

"போலீஸ்ல நீ பண்ணினதையும் சொல்லுவேன்க்கா. நான் பண்ணினதையும் சொல்லுவேன்."

"சொல்லு" என்றாள் அக்கா, மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டு. "ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லு."

மறுமுனையில் போலீஸ்காரர் எடுத்தார். எங்கிருந்து பேசுகிறீர்கள், அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். எப்படி அடிபட்டது என்றும் கேட்டார். தங்கை இருக்கையில் கிடந்தவனைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசினாள்.

"படியில விழலீங்க. எங்க வீட்ல மூணே படிதான். என் புருஷன் அடிச்சான்."

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அவர் மறுபடி கேட்டார். அவளும் மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக.